மூக்கில் வளர்ந்தது சதைதானா?

"மூக்குக்குள்ள சதை வளந்திருக்கு, வெட்டினாத்தான் சரிவரும்." மட்டக்களப்பில் நாட்பட்ட மூக்கடைப்போடு திரிகிற யாரைக் கேட்டாலும், யாரோ ஒருவர் அவருக்கு இப்படிச் சொல்லியிருப்பார். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக ஒன்று பிதுங்கி நிற்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது புதிதாக வளர்ந்ததல்ல. எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு. வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் மேல், நடு, கீழ் என மும்மூன்று மடிப்புகள் உண்டு. உள்ளே மெல்லிய எலும்பு, அதைப் போர்த்தி இரத்தக் குழாய்கள் நிறைந்த ஈரத்தோல். வைத்தியர்கள் இவற்றை டர்பினேட் என்பார்கள். நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசைப் பிடித்து வைப்பது இவற்றின் வேலை. கச்சான் வீசும் மாதங்களில் அந்த வறண்ட காற்று நெஞ்சுக்குள் இறங்குமுன் ஈரமாவது இங்கேதான். இரத்தம் நிறைந்தால் மடிப்பு பெருக்கும், வடிந்தால் சுருங்கும். சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் பெருத்து, பிறகு மறுபக்கம் பெருப்பது எல்லா மூக்கிலும் நடப்பதுதான். 1895இல் கைசர் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதிவைத்தார். ஆகவே அடைப்பு பக்கம் மாறி மாறி வருவது மட்டும் நோயாகாது. இரு பக்கமும் மாதக்கணக்கில் திறக்காமல், வாயால் மூச்சுவிட்டுத் தூங்கும் நிலை வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

உண்மையாகவே சதை வளரும் நோய்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று குளம் குட்டைகளில் முழுகுவோருக்கு வரும் ரைனோஸ்போரிடியோசிஸ். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில், வெண்புள்ளிகளோடு சிவந்து வளரும். தொட்டாலே இரத்தம் வரும். அதற்கு அறுவைதான் வழி. ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தமும் வந்தால், கீழே எழுதியிருப்பவற்றை விட்டுவிட்டு நேரே காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.

மடிப்பு வீங்குவதற்கு முதற்காரணம் ஒவ்வாமை. படுவான்கரையில் வேளாண்மை வெட்டும் காலத்தில் பறக்கும் பதரும் சுணையும் மூக்கை உறுத்தும். வாவியோரத்து ஈரக்காற்றில் தலையணைக்குள்ளும் மெத்தைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் நன்றாகப் பெருகும். அடுப்புப் புகை, சிகரெட், கர்ப்பகாலம் ஆகியவையும் வீங்கச் செய்யும். நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்திருந்தால், அகன்ற பக்கத்து மடிப்பு பெருத்துப்போவதும் உண்டு.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும் விடத் தொல்லை பாமசியில் கேட்டதும் கிடைக்கும் துளிமருந்து. சைலோமெட்டசோலின், ஒக்சிமெட்டசோலின் என்று போத்தலில் போட்டிருக்கும். தடிமன் வந்த மூன்று, நான்கு நாட்களுக்கு அருமையான மருந்து. ஒரு வாரம் தாண்டினால் மருந்தின் வேகம் இறங்கியதும் மடிப்பு முன்னைவிடப் பெரிதாக வீங்கும். மறுபடி துளி, மறுபடி வீக்கம். ஆண்டுக்கணக்கில் சட்டைப்பையில் போத்தலோடு திரிகிறவர்களுக்கு நோய் எது, மருந்து எது என்று பிரிக்க முடிவதில்லை. இந்தத் துளியை விட்டாலே பாதிப்பேருக்கு அறுவைப் பேச்சு தேவைப்படாது என்பது என் எண்ணம்.

வைத்தியர் முதலில் தருவது ஸ்டீரொயிட் ஸ்பிரே. துளியைப் போல உடனே திறக்காது. முழுப் பயன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வலக்கையால் இடது மூக்குக்கும் இடக்கையால் வலது மூக்குக்கும் அடியுங்கள். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் மடிப்பில் படும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்க வேண்டாம். கொதிக்கவைத்து ஆறவைத்த நீர்தான் பாதுகாப்பு, ஏனென்றால் மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

இரண்டு, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பயன் இல்லையா? அப்போதுதான் மடிப்பைச் சுருக்கும் பேச்சு. இன்று பரவலாகச் செய்யப்படும் எளிய முறை ரேடியோ அலையால் சூடேற்றுவது. மூக்கை விறைக்க வைத்து, ஊசி போன்ற ஒரு முனையைக் கீழ் மடிப்புக்குள் செலுத்துவார்கள். அது தோலுக்கு அடியிலுள்ள திசுவை ஏறக்குறைய 60 முதல் 90 பாகை வரை சூடாக்கும். வெளித்தோல் கருகுவதில்லை. சூடுபட்ட இடம் தழும்பாகி இறுக, மடிப்பு தானே சுருங்கும். சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் முதல் வாரம் அடைப்பு கூடும், பொருக்குக் கட்டும். இதைத் தெரியாமல் "செய்தும் சரிவரவில்லை" என்று பயந்து பழைய துளிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. திறப்பு தெரிய மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். நுண்கத்தியால் உள்திசுவை உறிஞ்சியெடுப்பது, மின்சூட்டால் சுருக்குவது, எலும்பைப் பக்கமாக ஒதுக்குவது என வேறு வழிகளும் இருக்கின்றன. வைத்தியசாலையில் இருக்கும் கருவியைப் பொறுத்து முறை மாறும்.

ஒருகாலத்தில் மடிப்பை முழுதாகவே வெட்டியெடுத்தார்கள். வழி அகன்றது, ஆனாலும் சிலர் மூச்சு முட்டுகிறது என்றார்கள். 1990களில் அமெரிக்காவின் மாயோ கிளினிக் வைத்தியர்கள் இதற்கு வெற்று மூக்கு என்று பெயரிட்டார்கள். காற்றின் குளிர்ச்சி நரம்பில் பட்டால்தான் மூச்சு வந்ததை நாம் உணர்கிறோம். மடிப்பு போனால் அந்த உணர்வும் போகிறது. கோடாலித் தைலம் முகர்ந்ததும் மூக்கு திறந்தாற்போல் இருப்பதும் இதே நரம்பால்தான். அதிலுள்ள மென்தோல் குளிர்ச்சியைத் தருகிறதே தவிர, வழியை ஒரு நூலும் அகலப்படுத்துவதில்லை.

ஆகவே அறுவைக்கு முன் வைத்தியரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: எவ்வளவை விட்டுவைப்பீர்கள்? இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். சுருக்கிய பிறகும் வைத்தியர் சொல்லும்வரை ஸ்பிரேயை நிறுத்தாதீர்கள். சூடு மடிப்பைத்தான் சுருக்குகிறது, ஒவ்வாமையை அல்ல. சில ஆண்டுகளில் மடிப்பு மறுபடி வீங்கவும் கூடும்.