பொதுவழி யாருக்குப் பொது?

சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை ஆறு வழிச் சாலை. காரும் லாரியும் பேருந்தும் புல்லட்டும் இந்தப் பகுதியில்தான் செய்யப்படுகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நாடு முழுக்க ஓடும் வண்டிகள் பிறக்கிற மண் இது. ஆனால், இதே மண்ணில் காலனி வீட்டில் இருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் உள்ள தூரத்தைக் கடக்க வழியில்லாமல், வாசற்படியோடு வாழ்நாளைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 2 லட்சத்து 87 ஆயிரம் பேர் நடமாடுவதில் சிரமம் உள்ளவர்கள். போலியோவில் கால் சூம்பியவர்கள் நம் தெருக்களில் நிறைய உண்டு. 2011க்குப் பிறகு இந்தியாவில் போலியோ இல்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் கொடுத்துவிட்டது. போலியோ போன பிறகு சாலையும் எந்திரமும் வந்திருக்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் வீடு திரும்பும் பிள்ளைகளின் கால்களைக் கன்டெய்னர் லாரிகள் வாங்கிக்கொள்கின்றன.

நம் ஊர்களின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். ரேஷன் கடை, தபால் நிலையம், ஊராட்சி அலுவலகம், வாக்குச்சாவடி எல்லாம் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கும். காலனி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமோ, வாய்க்காலைத் தாண்டியோ தள்ளி இருக்கும். இந்த இடைவெளியை வைத்தது சாதி. கால் நன்றாக இருப்பவருக்கு அது பத்து நிமிட நடை. கட்டை ஊன்றி நடப்பவருக்கு அரைநாள் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டையின் முனை சேற்றில் புதைந்துவிட்டால் அன்றைக்கு எங்கும் போக முடியாது. போலியோ எல்லாச் சாதியிலும் வந்தது. ஆனால், கால் போன பிறகு நடக்க வேண்டிய தூரம் எல்லாச் சாதிக்கும் ஒன்றாக இல்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் எங்கள் தோழர் ஒருவர் இருக்கிறார். நாற்பதை நெருங்கும் பெண். இரண்டு கால்களும் போலியோவில் பாதிக்கப்பட்டவை. பல வருடங்கள் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணி வாங்கி வரவும், நூல் வாங்கவும், மருத்துவமனைக்குப் போகவும் தம்பியின் கையை எதிர்பார்க்க வேண்டும். தம்பிக்கு ஷிப்ட் என்றால் காத்திருக்க வேண்டும். அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் அவருக்குக் கிடைத்ததும் முதல் வேலையாக என்ன செய்தார் என்று கேட்டோம். "சும்மா வாலாஜாபாத் ரோட்டுல கொஞ்ச தூரம் போயி ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன். யாரையும் கேக்காம போயிட்டு வந்தேன் தோழர், அதான்" என்றார்.

இப்போது அதே ஸ்கூட்டரில் காலை ஐந்தரை மணிக்கு இட்லிப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். லைன் வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும், தென்மாவட்டங்களில் இருந்து வந்த பிள்ளைகளும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். "ஊர்க்காரங்க நம்ம கையில வாங்க மாட்டாங்கன்னு தெரியும். ஷிப்ட்டுப் பசங்க சாதி கேக்கல. சட்னி காரமான்னுதான் கேக்கறாங்க" என்று சிரித்தார். பாத்திரம் காலியானதும் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். அண்ணன் மகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த இட்லியில் இருந்துதான் போகிறது. வீட்டில் முன்பு அவரைக் கேட்காமலே முடிவுகள் எடுப்பார்கள். இப்போது "அத்தை வந்துரட்டும்" என்று காத்திருக்கிறார்கள்.

இது சின்ன வெற்றிதான். ஆனால், அந்த ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் அவருடைய சுதந்திரமும் நின்றுவிடுகிறது. ஒரு கடைக்கு மூன்று படி இருந்தால் வண்டியில் இருந்தபடியே குரல் கொடுக்க வேண்டும். வங்கிக்குள் போக யாரையாவது கூப்பிட வேண்டும். வெளியே ஒரு பெண் நாள் முழுக்க நடமாட வேண்டும் என்றால் அவர் நுழையக்கூடிய கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வெளியே போகிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. காலனி வாசலில் அரிசி வந்து இறங்குவது நல்ல செய்தி. வராத தெருவில் வரவைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஆனால், வீட்டுக்கு எல்லாம் வந்துவிடுகிறது என்பதற்காக ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று பொருள் இல்லை. அரிசி வாங்கப் போகிற வழியில்தான் நாலு பேரைப் பார்க்கிறோம், ஊர்ச் சேதி கேட்கிறோம், வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

பேருந்துக்கு வருவோம். 2021இல் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணம் இல்லாமல் போகலாம். டிக்கெட் இலவசம், ஏறுவதுதான் முடியவில்லை. வழக்கமான பேருந்தின் தரைத்தளம் 900 மில்லிமீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய மூன்று அடி. தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர். சக்கர நாற்காலியோடு நேராக உள்ளே போகலாம். இந்த வித்தியாசத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற செயற்பாட்டாளர்கள் விடாமல் நின்றார்கள். அதன் பலனாக 2024 ஆகஸ்ட் 4 அன்று சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரைக்கும் போக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டதும் இப்படிப்பட்ட கோரிக்கைகளால்தான். 2022 நவம்பர் 27இல் திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி சரிசெய்தார்கள். வழி என்பது ஒருமுறை கேட்டு வாங்கிவிட்டு மறந்துவிடும் பொருள் இல்லை என்பதற்கு அது ஒரு பாடம். நகரத்துக்கு வந்தது நம் காலனி நிறுத்தத்துக்கும் வர வேண்டும் என்று கேட்கிற முறை இப்போது நம்முடையது.

ஆலை வாசலில் என்ன நிலைமை? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. தனியார் ஆலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 5 சதவீதம் பேரையாவது சேர்க்கும் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கம் தரலாம் என்று மட்டும் சொல்கிறது. ஆனால், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகள் எவை என்ற பட்டியல் அதில் இருக்க வேண்டும். வேலை கேட்டுப் போகும் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்கள் "உங்கள் சம வாய்ப்புக் கொள்கை எங்கே?" என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, அது சட்டம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் கால் போனால் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தனியார் ஆலையில் கான்ட்ராக்டில் இருக்கும் நம் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவனுக்கு இருக்கும் பெரிய பிடிமானம் இஎஸ்ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். வேலையில் நிரந்தர ஊனம் ஏற்பட்டால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப வாழ்நாள் முழுக்க மாதப் பணம் உண்டு. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே போகும்போதும் வரும்போதும் நடந்த விபத்துக்கும், வேலையோடு தொடர்பு இருந்தால், இது பொருந்தும். கான்ட்ராக்ட் தொழிலாளியும் இதில் அடக்கம். ஆகவே வேலைக்குச் சேர்ந்த அன்றே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டில் எழுதி வையுங்கள். விபத்து நடந்த பிறகு அந்த எண்ணைத் தேடி அலைந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சட்டங்களை எல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாக நினைக்க வேண்டியதில்லை. பொதுவழிக்கான போராட்டம் நமக்குப் புதிதும் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே 1924இல்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் தொடங்கியது. நடப்பது உரிமை என்று சொன்ன சமூகம் நாம். நூறு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 8 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கு அது. பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி அமைப்பதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அன்று வழியை மறித்து நின்றது ஆள். இன்று வழியை மறித்து நிற்பது படி. இரண்டுமே மனிதர் வைத்த தடைகள். மனிதரால் எடுக்கக் கூடியவை.

நம் இயக்கங்களுக்குள்ளும் இதைப் பேச வேண்டும். நம்முடைய கூட்டங்கள் மாடியில் நடக்கின்றன. அம்பேத்கர் படிப்பகத்துக்கு உயரமான படி வைத்துக் கட்டுகிறோம். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் சக்கர நாற்காலி வர முடிகிற வேகத்தில் நாம் நடப்பதில்லை. வெளியே நிறுத்தப்படுவதன் வலி தெரிந்தவர்கள் நாம்தான் முதலில் நம் வாசலைச் சரிசெய்ய வேண்டும்.

நாற்காலி என்பதன் பொருளும் நமக்குத் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் பட்டியலின ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. இப்போது இன்னொரு நாற்காலிக்கு வழி திறந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 16 அன்று சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களின்படி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்கள் ஆகலாம். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர். அதாவது, நம் ஊர் ஊராட்சியிலும் ஒருவர். அந்த ஒருவர் காலனியைச் சேர்ந்தவராக, ஒரு பெண்ணாக ஏன் இருக்கக் கூடாது? சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒருவர்மேல் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும்போது அந்தச் சுமை எப்படிப் பெருகுகிறது என்பதை உச்ச நீதிமன்றமே 2021இல் ஒரு தீர்ப்பில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சுமையைச் சுமந்தவருக்குத்தான் எந்தத் தெருவில் எந்தப் படி இடிக்கப்பட வேண்டும் என்று தெரியும். நம் தெருவில் தகுதியானவர் யார் என்று இப்போதே பேசி, விண்ணப்பம் எழுத உதவுங்கள். தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். எல்லாத் திட்டங்களுக்கும் அதுதான் சாவி.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் அது சரியான சாய்தளம். அரை அடிப் படிக்கு 6 அடி வேண்டும். நம் ஊர்களில் பல சாய்தளங்கள் சறுக்குமரம் மாதிரி இருக்கின்றன; ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், துணை சுகாதார நிலையம், படிப்பகம் ஐந்தையும் அளந்து, உயரம், நீளம் எழுதி, கிராம சபையில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அளந்து முடித்த தாளின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.