தீராத கேஸ்

"ஏசியில கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சிடலாம்." கோடை பிறந்தால் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. பெட்ரோல் தீர்வதுபோல, பேனாவில் மை தீர்வதுபோல, ஏசியின் கேஸும் ஓட ஓடத் தீர்ந்துவிடும் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜை எண்ணிப் பாருங்கள். பதினைந்து வருடம் ஓடுகிறது. வருடா வருடம் அதற்கு யாரும் கேஸ் அடிப்பதில்லை. காரில் கேஸ் குறைந்திருந்தால் அது எங்கோ கசிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களில் கைவேலை தெரிந்தவர்கள், கசிவைச் சரிசெய்து கேஸ் நிரப்பும் வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாமே என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அந்தக் குழாய்களுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால், எது நம் கைக்கு அடங்கும், எது அடங்காது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பது இதனால்தான். பல கார்களில் உள்ள ஆர்134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து, காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்த அழுத்தச் சூடேறுகிறது. முன்பக்கம் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துளை வழியே பீய்ச்சப்பட்டு, குளிர்ந்து, மீண்டும் காயிலுக்கு வருகிறது. கூடையில் மண் சுமப்பவர் போல, அதே அரைக் கிலோ கேஸ் ஓயாமல் வெப்பத்தைச் சுமந்துகொண்டு சுற்றி வருகிறது.

இப்போது ஒரு கேள்வி. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் இயற்கை ஒரு வேடிக்கை காட்டுகிறது. சமையல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். புது சிலிண்டரிலும் சரி, முக்கால்வாசி காலியானதிலும் சரி, அடுப்புச் சுடர் ஒரே மாதிரிதான் எரிகிறது. மிச்சம் எவ்வளவு என்று அறிய நாம் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். உள்ளே சிறிதளவு திரவம் இருக்கும்வரை, அதன் மேலிருக்கும் ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது. அளவுக்கு அதில் பங்கில்லை.

கார் ஏசியும் அப்படித்தான். நிறுத்தி ஆறவைத்த காரில், வெளியே 30 டிகிரி என்றால் ஆர்134ஏயின் அழுத்தம் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான், 250 கிராம் இருந்தாலும் அதே எண்தான். வெயில் ஏறி 35 டிகிரி ஆனால் முள் 114-க்குப் போகும். அதாவது, ஏசி ஓடாதபோது அந்தக் கேஜ் ஒரு வெப்பமானி! அதை நம்பி, "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று கேனிலிருந்து கேஸை விட்டுக்கொண்டே போனால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் எகிறி, குளிர்ச்சி குறைந்துதான் போகும். அதனால் முறையாகச் செய்பவர்கள் உள்ளே இருப்பதை முழுவதும் மீட்டெடுத்துவிட்டு, தராசில் வைத்து, கிராம் கணக்கில் நிரப்புகிறார்கள். அந்த எடை பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாக் கார்களுக்கும் பொது. மின்சாரக் காரில் கதை வேறு பக்கம் திரும்புகிறது. பெட்ரோல் காரில் என்ஜின்தான் பெல்ட் மூலம் கம்ப்ரசரைச் சுழற்றும். மின்சாரக் காரில் அந்த என்ஜினே இல்லை. கம்ப்ரசருக்குள்ளேயே ஒரு மோட்டார் வைத்து மூடியிருக்கிறார்கள். 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் என்ற ஹைப்ரிட் கார்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. சிக்னலில் நின்றாலும் குளிர்ச்சி குறையாது. கம்ப்ரசரின் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் பெட்ரோல் காரில் கேஸ் கசியும் இடங்களில் ஒன்று. மூடிய கம்ப்ரசரில் அந்தக் கசிவும் இல்லை.

ஆனால் அந்த மோட்டாரின் செப்புச் சுருள்கள், பல கார்களில் 300 முதல் 400 வோல்ட் ஓடும் சுருள்கள், கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடியே இருக்கின்றன. அப்படியானால் அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். அதற்காகப் பெரும்பாலும் பிஓஇ என்ற வகை ஆயிலை ஊற்றுகிறார்கள். பெட்ரோல் கார்களில் வழக்கமாக இருப்பது பிஏஜி வகை. அது ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைத் தடுப்பதிலும் பலவீனமானது. கடையில் கிடைக்கும் கேஸ் கேன்கள் சிலவற்றில் இந்தப் பிஏஜி ஆயிலும், ஓட்டையை அடைக்கும் பசையும் கலந்தே வருகின்றன. அதை மின்சாரக் காரில் ஏற்றினால், சுருளிலிருந்து காரின் உடலுக்கு மின்சாரம் கசிய வழி பிறக்கிறது. மின்காப்பு குறைவதை இத்தகைய கார்கள் தாமே கண்காணித்துக்கொண்டிருக்கும். குறைந்தால் எச்சரிக்கும், சில சமயம் கிளம்பவே மறுக்கும். ஏசிக்கு ஊற்றிய தவறான ஆயில் காரையே வாசலில் நிறுத்திவிடும் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். வேக சார்ஜிங்கின்போது, ஆள் இல்லாத காருக்குள் கம்ப்ரசர் இரைவது அதனால்தான். 2010-ல் விற்பனைக்கு வந்து, பின்னர் இலங்கைச் சாலைகள்வரை ஓடிய நிசான் லீஃபில் பேட்டரிக்கு அப்படியொரு குளிரூட்டல் இல்லை. பேட்டரியையும் குளிர்விக்கும் கார்களிலோ, கேஸ் குறைந்தால் நமக்கு வியர்ப்பதோடு போகாது, வெயிலில் சார்ஜ் ஏறுவதும் மந்தமாகும்.

பழுது பார்க்கும் முறையிலும் ஓர் அழகு இருக்கிறது. கசிந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ கல்லடி பட்ட கண்டென்சரையோ மாற்றிய பிறகு, நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு நின்றதா என்று பார்ப்பார்கள். அடுத்து வேக்கம் பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். காற்றை வெளியேற்றுவது மட்டும் இதன் நோக்கமல்ல. காற்றழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும்போது, 30 டிகிரி வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அடுப்பே இல்லாமல் கொதித்து வெளியேறுகிறது. இதைச் செய்யாமல் விட்டால் அந்த ஈரம் பிஓஇ ஆயிலோடு சேர்ந்து அமிலமாக மாறி, மோட்டார் சுருளை அரிக்கும்.

"மீட்டெடுத்துவிட்டு" என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு கருவி வேண்டும். அது வீடுகளில் இருப்பதில்லை. அது இல்லாதவர்கள் பழைய கேஸை 'புஸ்' என்று காற்றில் திறந்துவிடுகிறார்கள். 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் ஏற்ற ஒப்பந்தத்தின் கணக்குப்படி, ஆர்134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடேற்ற வல்லது. அரைக் கிலோவைத் திறந்துவிடுவது 715 கிலோ கார்பன் டை ஆக்சைடை விடுவதற்குச் சமம். ஏறக்குறைய 310 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் அளவு அது. காற்று கெடக் கூடாது என்று மின்சாரக் கார் வாங்கியவரால், ஒரு நிமிடத்தில் அவ்வளவு கேட்டைச் செய்துவிட முடியும். புதிய ஆர்1234ஒய்எஃப் கேஸ் இந்த விஷயத்தில் மிகச் சாது. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதை ஏற்றக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் நிறையவே இருக்கிறது. காற்று குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்; குற்றவாளி அநேகமாக அங்கேயே இருப்பான். கண்டென்சரில் அப்பிய தூசியையும் பூச்சிகளையும் மெல்லிய தண்ணீர்த் தாரையால் கழுவுங்கள். ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், காயில் வேலை செய்கிறது என்று அர்த்தம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸோடு ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆரஞ்சு நிற ஒயர்களை மட்டும் தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்தத்தின் அடையாளம்.

குழாயைத் திறக்கும் வேலையை, மீட்கும் கருவியும் தராசும் மின்சாரக் காரில் பயிற்சியும் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் சும்மா விட்டுவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: கசிவு எங்கே? எந்த ஆயில்? எத்தனை கிராம்? மூன்றுக்கும் பதில் சொல்லாமல் "தீர்ந்துபோச்சு, அடிச்சிடலாம்" என்று மட்டும் சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.