ஜூடோவை உருவாக்கிய வாத்தியார்... யார் இந்த கானோ ஜிகோரோ?

ஒல்லியான உடம்பு. பள்ளியில் முரட்டுப் பசங்களிடம் அடிவாங்கிய பையன். அவர்தான் பின்னாளில் ஜூடோவையே உருவாக்கினார்!

யார் இவர்?

1860-ல் ஜப்பானில் பிறந்தவர் கானோ ஜிகோரோ. ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையைக் கற்றார். அதில் உயிருக்கு ஆபத்தான அடிகளைப் பயிற்சிச் சண்டையில் இருந்து விலக்கி, 1882-ல் டோக்கியோவில் 'கோடோகான்' பள்ளியைத் தொடங்கினார். அப்போது வயது 21தான்.

ஜூடோவின் சூட்சுமம் என்ன?

எதிராளி தள்ளினால், பதிலுக்குத் தள்ளக்கூடாது; இழுக்கணும். அவர் பலமே அவரைக் கீழே சாய்த்துவிடும். அதனால் பலம் குறைந்தவரும் ஜெயிக்கலாம்.

ஒலிம்பிக்கில் எப்போது?

1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முதல் ஆசிய உறுப்பினரானார் கானோ. 1938-ல் கெய்ரோ கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது கப்பலிலேயே காலமானார். ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964-ல், அவருடைய டோக்கியோவில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

தாகூரின் அழைப்பை ஏற்று, 1929-ல் கானோவின் சீடர் தககாகி சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்றுக்கொடுத்தார்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்று, ஜூடோவில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கத்தைத் தந்தவர் கபில் பர்மார். சிறுவயதில் மின்சாரம் தாக்கி பார்வை பறிபோனவர். பார்வையற்றோர் ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடித்தபடிதான் ஆட்டமே தொடங்கும். கண் தெரியாவிட்டால் என்ன? எதிராளியின் அசைவை கை சொல்லிவிடும்!