வுட்சக்குக்குக் கீழாநெல்லி ஊசி போட்டார்கள்! தெரியுமா?

மழை விழுந்ததும் வரப்பெல்லாம் முளைக்கும் கீழாநெல்லி, கடல் கடந்து ஒரு நோபல் விஞ்ஞானியின் ஆய்வகத்துக்குப் போனது தெரியுமா? ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்தான் அவர்!

ஆனால் முதல் அடி சென்னையில்! மஞ்சள் காமாலைக்குப் பாட்டிமார் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்த பச்சிலை, காமாலையை வரவழைக்கும் அந்த வைரஸை நிஜமாகவே மடக்குமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு சோதித்துப் பார்த்தது. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைத்தன என்று 1982இல் அறிவித்தது.

மூலிகைச் சாறு வைரஸைத் தடுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? தட்டில் உயிருள்ள செல்களை வளர்த்து, அதில் வைரஸை விடுவார்கள். செல்கள் செத்த இடமெல்லாம் வெற்றுப் புள்ளிகளாகத் தெரியும். சாறு சேர்த்த தட்டில் புள்ளிகள் குறைந்தால் நல்ல அறிகுறி! அதற்கு முன், சாறே செல்களைக் கொல்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வைரஸோடு செல்லும் செத்தால் அது மருந்தில்லை, விஷம்.

ஹெபடைடிஸ் பி வைரஸோ சாதாரண செல்களில் லேசில் வளராது! அதனால்தான் புளூம்பெர்க் குழுவினர் வுட்சக்கைத் தேடினார்கள். வளை தோண்டி வாழும் வட அமெரிக்க அணில் இனம் அது. இதே வைரஸின் பங்காளி ஒன்று அதற்கும் தொற்றுகிறது. புதிதாகத் தொற்றிய நான்கு வுட்சக்குகளுக்குக் கீழாநெல்லிச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். மூன்றின் ரத்தத்தில் 3 முதல் 6 வாரங்களில் வைரஸின் அடையாளங்கள் மறைந்தன! இது 1987இல் வெளியானது.

அடுத்த ஆண்டே லான்செட் இதழில் சென்னைச் சோதனை! ஹெபடைடிஸ் பி தொற்றியவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லித் தூள், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் பிறகு ரத்தத்தில் இல்லை. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது!

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. மண், பருவம், இனம், தயாரிக்கும் முறை மாறினால் செடியின் சத்தும் மாறிவிடும். மூலிகை ஆய்வின் பெரும் சவாலே இதுதான். சென்னை ஆய்வு வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனாலும் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யை ஒழிக்கும் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

ஆகவே காமாலை கண்டால் பச்சிலையோடு நின்றுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டறியுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட மறக்காதீர்கள்!