அறுத்ததும் ஏன் விரிகிறது ரத்தக்குழாய்?

புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முதலில் சுலபமாக வரும். கொஞ்சம் போனதும், 'இதற்கு மேல் வர மாட்டேன்' என்று அடம்பிடிக்கும். இரும்பு ஸ்பிரிங் அப்படி இல்லை. இரண்டு மடங்கு விசைக்கு இரண்டு மடங்கு நீளும். தோலுக்குள் இருக்கும் கொலாஜன் இழைகளோ சாதாரணமாக நெளிந்து கிடக்கின்றன. இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. எல்லாம் நிமிர்ந்ததும் தோல் விறைத்துக்கொள்கிறது.

தோல் மட்டுமல்ல, குதிகால் தசைநாண், ரத்தக்குழாய், இதய வால்வு என்று உடம்பின் மென்திசுக்கள் பலவும் இந்த ரகம்தான். இவை எவ்வளவு இழுவையைத் தாங்கும், எப்போது கிழியும் என்று அளந்து பார்ப்பதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படுபவர் டாக்டர் அல்ல, விமான இன்ஜினீயர்!

யுவான்-செங் ஃபங். 1919-ல் சீனாவில் பிறந்தவர். அமெரிக்காவின் கால்டெக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே பேராசிரியரானார். காற்றில் விமான இறக்கை ஏன் படபடக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1957-58-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தங்கியிருந்தபோது, சீனாவில் இருந்த அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் கடுமையாகிவிட்டது. நேரில் போக வழியில்லாத மகன், அந்த நோயைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, சீன மொழியில் பெயர்த்து அம்மாவின் மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். படிக்கப் படிக்க, இது தனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று பட்டது. கண்ணுக்குள்ளும் திரவம், அழுத்தம், மெல்லிய சுவர்!

அந்த ஈடுபாடு வளர்ந்து, 1966-ல் கால்டெக்கை விட்டே கிளம்பினார். நாற்பத்தாறு வயதுக்கு மேல், பேர் சம்பாதித்த துறையை விட்டுவிட்டு சான் டியகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே, முயலின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை இழுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. விசை கூடக் கூட விறைப்பும் அதற்கேற்றபடி கூடுகிறது என்று கணக்கோடு காட்டினார்.

சொல்ல எளிது. செய்து பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும் பாடு. இறைச்சிக்கூடத்திலிருந்து பன்றியின் ரத்தக்குழாய் ஐஸ் பெட்டியில் வரும். உப்புநீரிலேயே ஊறிக்கொண்டிருக்க வேண்டும். காய்ந்தால் அளவெல்லாம் பொய். இயந்திரத்தின் பிடியில் மாட்டினால் வழுக்கும். அதற்காக உப்புத்தாள் துண்டுகளை வைத்து இறுக்குகிறார்கள். தசைநாண் என்றால் முனைகளை உறையவைத்துப் பிடிக்கும் தனிக் கருவியே உண்டு. அத்தனையும் செய்த பிறகு, நடுவில் அறுபடாமல் பிடியின் ஓரத்தில் கிழிந்தால் அந்த அளவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கை, முதல் இழுப்புக்கு ஒரு விடை, இரண்டாவதுக்கு வேறு விடை. சில முறை இழுத்து விட்டுப் பழக்கிய பிறகுதான் திசு ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கும். மனிதத் திசு என்றால் தானம் தந்தவரின் அல்லது குடும்பத்தின் சம்மதம், நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையில்தான் 1980-களில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. ரத்தக்குழாயிலிருந்து வளையம் போல ஒரு துண்டை வெட்டி, அந்த வளையத்தை ஓரிடத்தில் நறுக்கினார்கள். உள்ளே ரத்தமும் இல்லை, அழுத்தமும் இல்லை. பேசாமல் கிடக்க வேண்டியதுதானே? ஆனால் கைவளையல் உடைந்து விரிந்தது போல அது விரிந்துகொண்டது! சும்மா இருக்கும்போதே குழாயின் சுவருக்குள் ஓர் இறுக்கம் ஒளிந்திருந்தது என்று அர்த்தம். ஃபங்கும் வேறு சில ஆய்வாளர்களும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

அந்த இறுக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ரத்த அழுத்தத்தின் சுமை முழுக்கக் குழாயின் உட்சுவரில்தான் குவியும். இருப்பதால் சுமை உள்ளும் வெளியும் ஓரளவு சமமாகப் பங்கிடப்படுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை இதயம் துடிக்கிறது. அத்தனை முறையும் அடி வாங்கும் சுவருக்கு இது பெரிய உதவி. உயர் ரத்த அழுத்தம் வந்தால் சுவர் தடிக்கிறது, நறுக்கினால் விரியும் கோணமும் மாறுகிறது. இரும்புக் குழாய் இதைச் செய்யாது. உயிருள்ள குழாய் சுமையை உணர்ந்து தன்னையே திருத்திக் கட்டிக்கொள்கிறது.

இது வெறும் ஆர்வத்துக்கான கணக்கு அல்ல. வயிற்றில் ஓடும் பெருந்தமனி சிலருக்கு பலூன் போல வீங்கிவிடும். பெரும்பாலும் வெளியே தெரியாது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆண்களுக்கு வீக்கத்தின் அகலம் சுமார் 5.5 செ.மீ. எட்டினால் அறுவைசிகிச்சை பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். ஆனால், அதைவிடச் சிறியது வெடிப்பதும் உண்டு, பெரியது ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருப்பதும் உண்டு. அகலத்தோடு சுவரின் வலிமையும் தெரிந்தால் தேவையில்லாத கத்தியும் தவிரும், தேவையானவருக்குத் தாமதமும் ஆகாது.

ஃபங் 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். 2019 டிசம்பரில், 100 வயது நிறைந்தபின் மறைந்தார். அவர் வழியில் வந்தவர்கள் இன்று ஸ்கேன் படத்தை வைத்து ஒவ்வொரு நோயாளியின் தமனியையும் கம்ப்யூட்டரில் கட்டி, சுவரில் எங்கே சுமை அதிகம் என்று வரைந்துவிடுகிறார்கள். இன்னும் சிக்கலாக நிற்பது ஒன்றுதான். அந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதை, அதிலிருந்து ஒரு துண்டுகூட வெட்டாமல் கண்டுபிடிக்க வேண்டும்.