முதலில் சூடு, பிறகு ஸ்டார்ட்



சென்ற ஆண்டு தீபாவளி விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்துத் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். பாதுகாப்புத் துறையில் பணிபுரிபவர். போர்ட் பிளேரிலிருந்து லே நகருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. (நம் ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டாலும், பழைய பெயர்தான் இன்னும் என் வாயில் வருகிறது.) அங்கே ஒருவரிடமிருந்து பழைய டீசல் ஜீப்பை வாங்கிக்கொள்ளப் பேசி முடித்திருந்தார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். பனி மூடிய சாலையோரம் ஒரு லாரி. அதன் டீசல் டேங்குக்கு அடியில் ஒருவர் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார்.

"சார், நானும் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்குமா? பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடுவார்களே!" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதித் தருகிறேன். இங்கிருந்து லடாக்குக்கும் காஷ்மீருக்கும் மாற்றலாகிப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியவர்களும் உண்டு.

குளிரில் என்ஜின் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நான்கு காரணங்கள்.

முதலாவது ஆயில். தேங்காய் எண்ணெய் டிசம்பர் மாதத்தில் ஊட்டியில் கட்டியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் ஆயில் அப்படி உடனே கட்டியாவதில்லை. ஆனால் தேன்பாகு போலத் தடித்துவிடும். கிராங்க் சுற்றுவதே கடினமாகும். சுற்றினாலும், மேலே உள்ள பாகங்களுக்கு ஆயில் ஏறிச் சேர நேரமாகும். அதுவரை இரும்பு இரும்போடு உராயும். குளிரில் என்ஜின் தேய்வது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில்தான்.

இரண்டாவது பேட்டரி. அதற்குள் நடப்பது ரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரி அளவில் சாதாரண ஈய அமில பேட்டரியின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதாவது, என்ஜினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும் நேரத்தில்தான் பேட்டரியின் பலம் குறைகிறது.

மூன்றாவது எரிபொருள். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது எழும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. சிலிண்டர் சுவர் பனிக்கட்டி போல இருந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். இது போதாதென்று டீசலில் கரைந்திருக்கும் மெழுகும் குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். நம் நாட்டுத் தர விதிப்படி சாதாரண டீசல் ஓட்டம் இழக்கும் வெப்பநிலையின் உச்சவரம்பு கோடையில் 15 டிகிரி, குளிர்காலத்தில் 3 டிகிரி. லேயின் குளிர்கால இரவுகளில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போவது சகஜம். லாரிக்காரர் டேங்குக்கு அடியில் தீ மூட்டியது இந்த மெழுகை உருக்கத்தான்.

நான்காவது ரேடியேட்டர் தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பு பிளாக்கே விரிசல் விட்டுவிடும். நம் ஊரில் பலர் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தப் பழக்கத்தோடு லேக்குப் போனால் முதல் இரவிலேயே என்ஜின் போய்விடும்.

நான் கற்ற பாடம்

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சார்ஜ்மேனாகச் சேர்ந்த சில ஆண்டுகளில், வடக்கே ஒரு டீசல் ஷெட்டில் எனக்கு வேலை. அப்போது எங்கும் டபிள்யூ.டி.எம்.2 என்ற டீசல் என்ஜின்கள்தாம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். குளிர்காலத்தில் அவற்றை இரவு முழுவதும் நிறுத்தாமலே ஓடவிடுவார்கள். ஷெட் முழுவதும் புகையும் இரைச்சலுமாக இருக்கும். சும்மா நிற்கும் என்ஜின் ஒன்று மணிக்குச் சுமார் 25 லிட்டர் டீசல் குடிக்கும்.

தென்னாட்டிலிருந்து போன எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஜனவரி இரவு, காலை பாசஞ்சர் வண்டிக்கான என்ஜினை "நிறுத்திவிடலாம், மிச்சமாகட்டும்" என்று நானே நிறுத்தச் சொன்னேன். பேட்டரி பழையது என்பதைப் பார்க்கவில்லை. அந்த என்ஜினுக்கு, பேட்டரி மின்சாரத்தால் ஜெனரேட்டரையே மோட்டாராகச் சுழலவைத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு சுவிட்சை அழுத்தினால், ஒரு முக்கல், ஒரு முனகல், அவ்வளவுதான். வேறு என்ஜின் கொண்டுவந்து பூட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. பிளாட்பாரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்த ஜனங்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. தவறு என்னுடையது.

அன்று மூத்த ஃபிட்டர் ஒருவர் சொன்னார்: "சாப், டீசலை மிச்சப்படுத்தினது தப்பில்லை. சூட்டை விட்டதுதான் தப்பு." அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. கிளம்பும் நேரத்தில் அது சூடாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் ரயில்வேயும் இதே வழிக்குத்தான் வந்தது. பெரிய என்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியையும் பிரேக் காற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு சிறு துணை என்ஜினைப் பொருத்தினார்கள். அதற்கு மணிக்குச் சுமார் 3 லிட்டர் போதும்.

உலகம் கண்ட வழிகள்

கனடாவிலும் அலாஸ்காவிலும் அந்தக் காலத்துச் சிறு விமான ஓட்டிகள், இறங்கியவுடன் என்ஜின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துக் கூடாரத்துக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கித் திரும்ப ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

1949-இல் அமெரிக்காவின் வடக்கு டகோடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், என்ஜினில் பொருத்தும் மின்சார ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று 'பிளாக் ஹீட்டர்' என்று சொல்லப்படுவது அந்த வழியில் வந்ததுதான். என்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட்டில் ஒரு சிறு ஹீட்டர் மூழ்கியிருக்கும். நாம் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் கம்பி ஹீட்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 400 முதல் 1000 வாட் வரை இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு போட்டால் போதும். இரவு முழுவதும் எரிய வேண்டியதில்லை. கனடாவின் எட்மன்டன், வின்னிபெக் நகரங்களில் காரின் முகப்பில் ஒரு பிளக் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அது மின்சாரக் கார்" என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் கார்தான், அதற்கு வெந்நீர் வைக்கிறார்கள்!

டொயோட்டா நிறுவனம் ஒரு காலத்தில் பிரியஸ் காரில் ஃப்ளாஸ்க் ஒன்றையே வைத்தது. ஓடும்போது சூடான கூலன்ட்டில் சுமார் 3 லிட்டரை அதில் சேமித்து, மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜினுக்குள் செலுத்தும். முறைகள் வேறு, கருத்து ஒன்றே.

லேக்குப் போகிறவர்களுக்கு

1. போய்ச் சேர்ந்தவுடன் ரேடியேட்டரைக் காலி செய்து, கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் என்றால் இது மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். "முழுவதும் கூலன்ட்டாகவே ஊற்றினால் இன்னும் நல்லதுதானே" என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

2. ஆயில் டப்பாவில் 'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. எண் சிறிதாக இருந்தால் குளிரில் இளக்கம் அதிகம். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். வண்டியின் கையேடு அனுமதிக்கும் ஆயில்களில் எண் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

3. குளிர்கால டீசலையே போடுங்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று ஒரு டீசலை அறிமுகம் செய்தது. மைனஸ் 33 டிகிரி வரை அது ஓட்டம் இழப்பதில்லை. டேங்கில் கீழ்நாட்டு டீசல் மிச்சமிருந்தால் குளிர் தொடங்கும் முன்பே அதைத் தீர்த்துவிடுங்கள்.

4. பேட்டரியை முழு சார்ஜில் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருக்கும் திரவமே உறைந்து பெட்டி வெடித்துவிடும். கடுங்குளிர் இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது பழைய முறை, நல்ல முறை.

5. காற்றுக்கு மறைவாக, காலை வெயில் பானெட்டில் விழும்படி வண்டியை நிறுத்துங்கள். அவசரமில்லாத நாளில் வெயில் ஏறிய பிறகு எடுங்கள். இதைவிட மலிவான ஹீட்டர் கிடையாது.

6. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் பிளாக் ஹீட்டர் கிடைக்குமா என்று அங்குள்ள மெக்கானிக்கிடம் கேளுங்கள். டீசல் வண்டியானால் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு சாவியைத் திருப்புங்கள். பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இடையில் பேட்டரிக்கு ஓய்வு கொடுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு.

ஒன்று, அடியில் தீ மூட்டுவது. பழைய லாரியின் இரும்பு டேங்கைப் பார்த்து இன்றைய வண்டிக்குச் செய்தால், பிளாஸ்டிக் டேங்கும் ரப்பர் குழாய்களும் ஒயர்களும் உருகிவிடும். ஆயில் கசிவு ஒன்று இருந்தாலும் வண்டி முழுவதும் பற்றிக்கொள்ளும்.

இரண்டு, கதவடைத்த ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஷெட்டை ஒட்டிய அறையில் படுத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

நமக்கு இதில் என்ன?

"இங்கேதான் ஜனவரியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வமாயிற்றே, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

என் தெருவில் தினமும் காலையில் பத்து நிமிடம் காரை ஸ்டார்ட் செய்து, "என்ஜின் சூடாகட்டும்" என்று நிறுத்திவைக்கிறார்கள். சோக்கை இழுத்துவிட்டு அம்பாசடர் ஓட்டிய காலத்துப் பழக்கம் அது. இன்றைய ஊசித்தெளிப்பு என்ஜின்களுக்கு நம் ஊரில் அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நிற்பதைவிட ஓடுவதில்தான் என்ஜின் சீக்கிரம் சூடாகும். நம் தீவுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் கப்பலில்தான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அபர்டீன் பஜாருக்கும் ஜங்லிகாட்டுக்கும் மட்டுமே போய்வரும் வண்டி ஒருநாளும் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலந்துவிடும். வாரம் ஒருமுறை சிடியா டாப்பு வரை, சுமார் 25 கிலோமீட்டர், குடும்பத்தோடு போய்வாருங்கள். வண்டிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

மூன்றாவது ஜெனரேட்டர். மருத்துவமனைகளிலும் பெரிய கட்டடங்களிலும் மின்சாரம் நின்ற சில நொடிகளில் டீசல் ஜெனரேட்டர் கிளம்பி முழு பாரத்தையும் சுமக்க வேண்டும். காருக்காவது மெதுவாக ஓட வாய்ப்பு உண்டு. ஜெனரேட்டருக்கு அது இல்லை. அதனால்தான் அதன் கூலன்ட்டை எப்போதும் வெதுவெதுப்பாக வைக்க ஒரு ஹீட்டர் பொருத்துகிறார்கள். "அந்தமானில் எதற்கு ஹீட்டர், கரன்ட் பில் ஏறுகிறது" என்று அதன் சுவிட்சை அணைத்துவைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அணைக்காதீர்கள். வடக்கே அன்று நான் நிறுத்தியது ஒரு பாசஞ்சர் வண்டியைத்தான். ஆபரேஷன் நடக்கும்போது விளக்கு நின்றால் அது வேறு கதை.

லேக்குப் போன தம்பி ஜனவரியில் ஃபோன் செய்தார். "சார், பேட்டரி ராத்திரி எங்களோடு அறையில்தான் தூங்குகிறது. பத்து மணி வெயிலில் எடுத்தேன், இரண்டாவது தடவையில் கிளம்பிவிட்டது. தீ மூட்டவில்லை" என்றார். பின்னாலிருந்து குழந்தைகளின் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

குளிர் நாட்டுக்குப் புறப்படும் உறுப்பினர்கள் யாருக்கேனும் ஐயம் இருந்தால், சங்கக் கூட்டத்தில் தயங்காமல் என்னைக் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.