காதலும் சமயமும் ஊர்வாயும்: நம் முதல் நாவல்கள் சொல்லும் பாடம்



ஒரு கல்யாணம் யாருடைய காரியம்? பெண், மாப்பிள்ளை இருவருடைய காரியமா? பெற்றோருடைய காரியமா? எல்லாம் சாமி விட்ட வழியா? அல்லது லயத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கா? நம் வீடுகளில் ஒரு பெண்ணோ பையனோ வயதுக்கு வந்ததும் எழுகின்ற கேள்வி இது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், தமிழில் முதன்முதலாக நாவல் எழுதியவர்களும் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நாவல் என்பது உரைநடையில் எழுதப்பட்ட நீண்ட கதை. அதற்கு முன்பு நம்மிடம் கதைகள் இல்லாமல் இல்லை. இராமாயணம் இருந்தது, பாரதம் இருந்தது, நல்லதங்காள் கதையும் இருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் பாட்டாக இருந்தன. குடும்பத்தில் நடக்கும் சண்டை, சமாதானம், படிப்பு, கல்யாணம் இவற்றைப் பேச்சுக்கு நெருங்கிய உரைநடையில் நீளச் சொல்லும் நூல் 1879ஆம் ஆண்டில்தான் அச்சாகி வந்தது. அதுதான் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள குளத்தூரில் பிறந்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தவர். தினந்தோறும் மக்கள் தங்கள் வழக்குகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். ஆகவே குடும்பங்கள் எதனால் உடைகின்றன என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய கதையில் பிரதாபன் செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளை. ஞானாம்பாள் அவனுடைய உறவுப் பெண். இருவரும் சிறு வயதிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர்மேல் ஒருவர் அன்புள்ளவர்கள். ஆனால் பெரியவர்களுக்குள் பிணக்கு வருகிறது. கல்யாணமான பிறகு பிள்ளைகள் எந்த வீட்டில் இருப்பது என்பதுதான் தகராறு! பிள்ளைகளின் மனம் ஒருபக்கம் கிடக்க, பெரியவர்களின் வீம்பு முன்னே வந்து நிற்கிறது. நம் பக்கத்திலும் பரிசப் பேச்சு முறிந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன வீம்பாகத்தான் இருக்கும்.

எப்படியோ அவர்களுக்கு மணம் நடக்கிறது. பிறகு அவர்கள் பிரிய நேருகிறது. ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு கணவனைத் தேடிப் போகிறாள். விக்கிரமபுரி என்ற நாட்டுக்கு அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதி தவறாமல் ஆளுகிறாள். இது நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நடக்காது. ஆனால் ஆசிரியர் சொல்ல வந்தது வேறு. படித்த பெண் தன் வீட்டை மட்டுமல்ல, நாட்டையே ஆளத் தகுதியுள்ளவள் என்று அவர் சொல்கிறார். பெண் குழந்தைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலத்தில் அப்படி எழுதினார்.

சமயத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஆனால் அவருடைய கதை மாந்தர்கள் இந்துக் குடும்பத்தார். 1878இல் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை வெளியிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெரிய சைவர். அவர் வேதநாயகம் பிள்ளைமீது ‘குளத்துக் கோவை’ என்ற நூல் பாடினார். கோயில் வேறானாலும் நட்பு குறையவில்லை.

அடுத்து இலங்கைக்கு வருவோம். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை, முஸ்லிம். ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். கண்டியில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியவரும் அவர்தான்.

மூன்றாவதாக, வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த இராஜமையர். ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில் 1893 முதல் 1895 வரை ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடர்கதையாக எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. இருபத்தாறு வயதில் இறந்தும் போனார். இந்தக் கதைக்கு அவர் வைத்த இன்னொரு பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. அபவாதம் என்றால் வீண்பழி.

சிறுகுளம் என்னும் கிராமத்தில் முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள். அந்த ஊரில் வேலை முடிந்த பெண்கள் கூடி ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார். வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் போகப் போகச் சிரிப்பு அடங்கிவிடும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போன பேச்சு வளர்ந்து வளர்ந்து, குற்றமில்லாத கமலாம்பாளின் மேல் பழியாக விழுகிறது. அவளை நன்றாக அறிந்த கணவனே கலங்கிப் போகிறார். குடும்பம் சிதறுகிறது. துன்பப்பட்ட முத்துஸ்வாமி ஐயர் பக்தி வழியில் ஒரு குருவை நாடி ஆறுதல் அடைகிறார்.

நம் தண்ணீர்க் குழாயடியிலும் இந்த மகாசபை கூடுவதுண்டு. ஆண்களும் விலக்கல்ல, சாப்பாட்டுக் கடையிலும் கள்ளுக்கடையிலும் கூடிய சபைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் யாரோடு நின்று பேசினாள் என்ற செய்தி, அவள் வீடு வந்து சேருவதற்குள் அவள் தாயாரின் காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! அவசர அவசரமாகத் தாலி ஏறிய கழுத்துகள் எத்தனை!

இப்போது நம் நாட்டை விட்டுச் சற்றுத் தொலைவு போவோம். இத்தாலி நாட்டில், நம்மவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1827இல் ஒரு பெரிய நாவல் வந்தது. எழுதியவர் அலெசாந்திரோ மன்சோனி. அந்த நாவலின் பெயரை ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லலாம். அதன் நாயகனும் நாயகியும் பணக்காரர்கள் அல்லர். ரென்சோவும் லூசியாவும் பட்டுத் தொழில் செய்து பிழைக்கும் ஏழைகள். கோமோ ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் 1628இல் அவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அந்தப் பகுதியின் பெரிய மனிதன் ஒருவன் லூசியாவின் மேல் கண் வைத்து, கல்யாணத்தை நடத்தக் கூடாது என்று பாதிரியாரை அடியாட்கள் மூலம் மிரட்டுகிறான். பாதிரியார் பயந்து பின்வாங்குகிறார். ரென்சோ நான்கு சேவல்களைக் கையில் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகிறான். எதிரி யார் என்று தெரிந்ததும் வக்கீல் சேவல்களைத் திருப்பிக் கொடுத்து அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்!

ஆனால் அதே கதையில் வேறொரு துறவியும் வருகிறார். அவர் அந்தப் பெரிய மனிதனின் மாளிகைக்கே போய், முகத்துக்கு நேரே அநீதியைக் கண்டிக்கிறார். இரண்டு பேரும் ஒரே சமயத்தவர். ஒரே வேதம் படித்தவர்கள். ஒருவருடைய சமயம் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறது. மற்றவருடைய சமயம் எளியவருக்குத் துணை நிற்கிறது. சமயம் என்பது கும்பிடுவதில் மட்டும் இல்லை, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில் இருக்கிறது என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கதையில் இன்னும் ஒன்று உண்டு. ஊரைவிட்டு ஓடிப்போன ரென்சோவுக்கு எழுதத் தெரியாது. லூசியாவின் தாயாருக்கும் தெரியாது. ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதி, இன்னொருவரைக் கொண்டு வாசிக்க வேண்டும். அவன் சொன்னது ஒன்று, எழுதியவர் எழுதியது ஒன்று, வாசித்தவர் விளங்கிக்கொண்டது வேறொன்று. இது நம் முன்னோரின் கதையும் அல்லவா? நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பிறைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு பால்மரக் காடுகளிலும் உழைத்தவர்களில் பலர், ஊருக்குக் கடிதம் எழுத யாராவது ஒருவர் கையை எதிர்பார்த்திருந்தார்கள். வேதநாயகம் பிள்ளை நீதிபதியாக இருந்த மாயூரம் அந்த நாகப்பட்டினத்துக்குத் தொலைவில் இல்லை. ஆனாலும் அவருடைய கதையின் நாயகர்கள் அந்தக் கப்பலில் ஏறிய ஏழைகள் அல்லர். தொழிலாளியின் காதலும் கண்ணீரும் தமிழ் நாவலுக்குள் வர இன்னும் காலம் பிடித்தது. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் ‘கருணாசாகரன்’ 1917இல் வந்தது. ‘காதலின் மாட்சி’ என்பது அதன் மறுபெயர்.

ரென்சோவும் லூசியாவும் பஞ்சத்தையும் 1630இன் கொள்ளை நோயையும் கடந்து கடைசியில் மணம் புரிகிறார்கள். பிள்ளைகள் பிறந்ததும் ரென்சோ என்ன செய்கிறான் தெரியுமா? அவர்கள் எல்லாரும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று உறுதி செய்கிறான். பட்டது அவனுக்குப் பாடமாயிற்று.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. இரண்டு பேருக்கு ஒருவர்மேல் ஒருவர் அன்பு இருப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. வீட்டாரின் வீம்பும், பெரிய மனிதரின் பலமும், ஊராரின் நாக்கும் எதிரே வரும்போது, அந்த அன்பு நிலைக்கத் துணை வேண்டும். அறிவு ஒரு துணை. தைரியமுள்ள பக்தி ஒரு துணை. கிறிஸ்தவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது போலப் பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று பாடுபட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் பெண்ணைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால், முதலில் உங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். குழாயடித் தீர்ப்புக்காக அவள் புத்தகப் பையைப் பிடுங்காதீர்கள். இன்று நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு செய்யும் சட்டம் இருக்கிறது. 1976இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டினாலும் பதிவையும் செய்துவிடுங்கள். அந்தத் தாளில் கைரேகை வைக்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துத் தன் பெயரைத் தானே எழுதும் பெண்ணாக அவள் இருக்கட்டும்.